வியாழக்கிழமை ரசீது

வழக்கமாகப் புயல் அவள் பக்கம்,
போன் என் பக்கம்.
ஐப்பசி பாதி கழிந்தால் போதும்,
சார்ஜ் போட்டு வை, குடத்தில் தண்ணி பிடி,
ரேஷன் கார்டை பாலிதீனில் சுத்து என்று
சஹமிலிருந்து கத்துவேன்.
வேதாரண்யத்தில் தையல்நாயகி
உம் கொட்டுவாள்.

இந்தத் தடவை அவள் கத்துகிறாள்.
"சிலிண்டரை மூடினீங்களா?"
"மூடியாச்சு."
"சும்மா சொல்லாதீங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."
போய்ப் பார்த்தேன்.
மூடவில்லை.

லாண்டரியில் இருநூற்றுப் பதினேழு உருப்படி.
பெரும்பாலும் வெள்ளை திஷ்தாஷா.
கழுத்துக் குஞ்சத்தில்
எத்தனை முறை அலசினாலும் போகாத அத்தர்.
கீழ்க் கம்பியில் இருந்ததை மேல் கம்பிக்கு,
மேல் கம்பியில் இருந்ததைப் பரணுக்கு.
மொனிருல் ஏணியில், நான் கீழே,
கைக்குக் கை
ஆளில்லாத ஆட்கள் மேலே ஏறிப் போனார்கள்.

மொனிருல் போலா தீவுக்காரன்.
அவனும் வங்கக் கடல், நானும் வங்கக் கடல்.
புயல் பிழைக்க அரபிக் கடலுக்கு வந்தோமா
என்று அவன் இந்தியில் கேட்டான்.
சிரித்துத் தொலைத்தோம்.

இங்கே கூண்டு ஏற்றுவதில்லை.
மூன்றா, ஏழா, பத்தா என்று எண் பார்த்துப்
பயத்தை அளந்து பழகியவன் நான்.
எவ்வளவு பயப்படுவது என்று தெரியாமல்
கண்ணாடிக் கதவில் பெருக்கல் குறி போட்டு
டேப் ஒட்டினேன்.
போட்டுவிட்டுப் பார்த்தால்
தப்பான விடைக்கு வாத்தியார் போட்டதுபோல் இருந்தது.

போலீஸ் ஜீப் இரண்டு முறை போனது.
முதலில் அரபி, அப்புறம் உருது.
வாதிப் பக்கம் போகாதே. ஆறு மணிக்குள் பள்ளிக்கூடம்.
ஒன்பது வருடமாக அந்த வாதியில்
ஆடு மேய்ந்துதான் பார்த்திருக்கிறேன்.
பையன்கள் அதில் பந்து விளையாடுவார்கள்.
கோல் கம்பத்தைப் பிடுங்கி யாரோ
பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

மெயின் ஸ்விட்சை அணைத்தேன்.
இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது.
மண்மூட்டை ஆறு, வாசலில்.
கூலிங் பெட்டியிலிருந்த லபானை
நாங்களே குடித்துத் தீர்த்தோம்.
வானம் புழுங்கல் அரிசி ஊறிய தண்ணீர் நிறம்.
காற்று இன்னும் வரவில்லை.
வராத காற்றுக்கு
அடுத்த தெரு ஷட்டர்கள் முன்கூட்டியே அடைத்துக்கொண்டன.

ஐந்தரைக்கு ஒரு கார்.
கமீஸ் பின் சுலைம்.
மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு,
கடல் தட்டினால் முதலில் திறக்கும் வீடு.
துணி வாங்க வந்திருக்கிறார் என்று
பரணைப் பார்த்தேன்.
அவர் ஒரு பையை மேசையில் வைத்தார்.
ஒரு திஷ்தாஷா, இரண்டு கும்மா.
காலரில் கஞ்சி கொஞ்சம் கூட வேண்டுமாம்.
மகள் நிக்காஹ்.

என்றைக்கு?
வியாழன்.

இன்று ஞாயிறு.
கரண்ட் இல்லை, தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது,
வெள்ளம் வரும், மேற்கூரை போகும்,
எல்லாம் வாய்க்குள் வந்து நின்றது.
அவர் பெயருக்கே அரபியில்
வியாழக்கிழமை என்றுதான் அர்த்தம்.

ரசீதுப் புத்தகம் மூன்று பாலிதீனுக்குள் இருந்தது.
ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன்.
கார்பன் வைத்து அழுத்தி எழுதினேன்:
உருப்படி மூன்று. கஞ்சி.
வியாழன், மாலை நான்கு.
நான்கு வேண்டாம், அஸருக்கு முன்னால் என்றார்.
அடித்துத் திருத்தி மூன்று என்று போட்டேன்.
முன்பணம் கொடுத்தார். சில்லறை இல்லை.
அப்புறம் தருகிறேன் என்றேன்.

மொனிருல் ஏணியைத் திரும்பவும் எடுத்தான்.
இருநூற்று இருபது.

பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டு
அவளுக்குப் போன் போட்டேன்.
எல்லாம் மூடியாச்சா என்றாள்.
எல்லாம் என்றேன்.
காற்று அப்போதுதான்
கொடிக்கம்பத்துக் கயிற்றைத் தட்டிப் பார்த்தது.
கஞ்சிப் பவுடர் எந்த அலமாரியில் வைத்தேன் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
கீழ்த் தட்டில்.