மூன்றரை மீட்டர்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
ஞாயிற்றுக்கிழமையும் நகரவில்லை.
இடுக்கில் நுழைந்து நுழைந்து
பள்ளிக்கூட நீச்சல்குளத்து வாசலில்
வண்டியை நிறுத்தினோம், நானும் தேசிங்கும்.
புது ஸ்கூபா செட்டு, போட்டுப் பார்க்கலாம், இலவசம் என்று
ஐஸ் ஃபேக்டரிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக்
கிழித்து மடித்துப் பையில் வைத்திருந்தான்,
கேட்டால் காட்ட.

யாரும் கேட்கவில்லை. படிவம் தந்தார்கள்.
பெயர்: மாசிலாமணி.
ஊர்: காசிமேடு.
இதய நோய்: இல்லை.
நீருக்கடியில் மூச்சுவிட்ட அனுபவம் உண்டா?
கட்டம் சின்னது.
விசைப்படகுக் காத்தாடியில் சுற்றிய வலையை
அறுத்தெடுக்கப் பத்தொன்பது வருஷமாய் இறங்குகிறேன்,
பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலிருந்து வரும்
மஞ்சள் குழாயின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு
என்பதை அதில் எப்படி எழுத?
டிக் அடித்தேன்.

வரிசைத் தட்டு மாதிரி
மேசையில் பரப்பியிருந்ததை ஒவ்வொன்றாய்த் தொட்டுச்
சொல்லிக்கொண்டே வந்தாள், ஷெரின் என்ற பெண்.
இது ஊதினால் மிதக்கும்.
இது மணிக்கட்டில் ஆழம் சொல்லும்.
(எனக்கு அதைச் சொல்வது காது.)
"சிலிண்டர்ல இருக்கறது வடிகட்டின காத்து சார்.
மாசே இல்லாதது."
"எங்காளு பேர்லயே கீது மேடம்" என்றான் தேசிங்கு.
அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

இறங்கினேன்.
முதல் மூச்சு.
டீசல் இல்லை, ரப்பர் இல்லை,
மேலே தேசிங்கு பற்றவைத்த பீடி இல்லை.
நாக்கு எதையோ தேடியது.

தரை தெரிந்தது!
நீல டைல்ஸ், ஒரு ஹேர்பின்,
என்னுடைய பத்துக் கால்விரல்கள்.
துறைமுகத் தண்ணீரில் விரல்தான் பார்க்கும்:
இது கயிறு, இது நரம்பு,
இது தகரம்,
ஒருமுறை, இது கை, என் கை இல்லை.

பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.
ஷெரின் பதறித் தோளைத் தட்டினாள்.
விரலை வளையமாக்கிக் காட்டினாள்.
பிரமாதம் என்று
கட்டைவிரலை உயர்த்தினேன்.
ஜாக்கெட்டைப் பிடித்து
மேலே கொண்டுவந்து விட்டுவிட்டாள்.

"என்ன சார் ஆச்சு?"
"ஒண்ணும் ஆவல. நல்லா கீதுன்னு சொன்னேன்."
"தண்ணிக்குள்ள கட்டைவிரல்னா
மேல போகணும்னு அர்த்தம் சார்."

எங்களுக்குக் குழாய்தான் பாஷை.
ஒரு இழுப்பு: இன்னும் காத்து விடு.
இரண்டு: தூக்கு.
நல்லா இருக்கிறது என்று சொல்ல
எந்த இழுப்பும் வைத்துக்கொள்ளவில்லை.
தேவைப்பட்டதில்லை.

மறுபடி இறங்கி
பொத்தானை அழுத்தி அழுத்தி
தரைக்கும் மேலுக்கும் நடுவே நின்றேன்,
எதையும் பிடிக்காமல்.
கைகள் தாமாகவே இடுப்புக்குப் போய்
கத்தியைத் தேடிவிட்டுத் திரும்பின.
மூன்றரை மீட்டர், பதினோரு நிமிஷம்
என்றது மணிக்கட்டு.
அவசரமில்லாமல் இருந்தது.
அது ஒரு மாதிரி பயமாகவும் இருந்தது.

விலை ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம்,
இன்றே பதிந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி.
தேசிங்கு போனில் கணக்குப் போட்டான்:
"எண்பத்தொம்போது காத்தாடி.
என் பங்கு போவ, அதுக்கு டபுளு."
"காத்து தீந்துட்டா எங்க ரொப்பணும்?" என்று கேட்டேன்.
"நீலாங்கரை சார்."
காற்றுக்கு அடையாற்றைத் தாண்ட வேண்டும்.

ஆளுக்கொரு பனியன் கொடுத்தார்கள்,
முதுகில் கம்பெனிப் பெயரோடு.
திரும்பும் வழியில் மணலிப் பக்கத்துக் காற்று
முகத்தில் அடித்தது.
இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில்
கன்னியப்பனின் படகில் வலை சுற்றிக்கொண்டது.
கம்ப்ரசரின் வாயைப் புகைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி
அந்தப் பனியனை இரண்டாய் மடித்துக் கட்டியிருந்தான் தேசிங்கு.
என்னிடம் சொல்லவில்லை.
கீழே போய் இருட்டில் இரண்டு மூச்சு இழுத்த பிறகுதான்
நாக்குக்குத் தெரிந்தது.
குழாயை மூன்று முறை இழுத்தேன்.

அலறிக்கொண்டு தூக்கிவிட்டான்.
"இன்னாடா? இன்னா ஆச்சு?"
தண்ணீரைத் துப்பிவிட்டு
கட்டைவிரலைக் காட்டினேன்.