ரிவர்ஸ்

முசஃபா. நாற்பத்தேழு டிகிரி.
டோக்கன் வாங்கிய பதினோரு பேரும்
டிரெய்லர் நிழல் நகர நகர
அதோடு நகர்ந்து உட்கார்ந்தோம்.

"எத்தனை விபத்து?" என்றார் மிஸ்ரி.
ஒன்றுமில்லை என்றேன்.
"அப்படியானால் நீ வண்டியே ஓட்டவில்லை."
லிவா சாலையில் குறுக்கே வந்த ஒட்டகத்தைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்.

பழைய கம்பெனியை ஏன் விட்டாய்?
ஐந்து மாதச் சம்பள பாக்கியை விழுங்கிவிட்டு
"முன்னேற்றம்" என்றேன்.
அவருக்கே சிரிப்பு வந்தது.

பிறகு நாற்பதடி வண்டியை
இரண்டு டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுக்க வேண்டும்.
இடது கண்ணாடி முழுக்க வெயில்.
வலது கண்ணாடியில்
எனக்கு அடுத்த டோக்கன், குல்சரீன்,
விரல்களை மடக்கி மடக்கி
வா, வா, இன்னும் வா...
நில்.

இருந்தது ஒரே வேலை.

அவன் ஏறியதும்
டிரம்முக்குப் பின்னால் போய் நின்றேன்.
கையைத் தூக்கக்
கொஞ்ச நேரம் ஆயிற்று.