ஏழை இரண்டால் வகுத்தால்

என் லப்டொப்பில் மூன்று பைதன்கள்.
ஒன்று ஒஸ்லோவில் சம்பளம் தருகிறவர்களுக்கு.
ஒன்று நான் இரவில் எழுதிப் பார்த்து அழிப்பதற்கு.
இன்னொன்று கொட்பேயின் ஐஸ் கணக்குக்கு:
இரண்டு புள்ளி ஏழு. செய்தவர்களே
கைகழுவி ஆண்டுகள் ஆயிற்று.

பைதன் என்று மட்டும் கூப்பிட்டால்
பாதையில் முதலாவதாக நிற்பது திரும்பும்,
கிண்ணியா பஸ் வரிசையில்
"தம்பி" என்றால் முன்னால் நிற்பவன் திரும்புகிற மாதிரி.
பின்னால் நிற்பவனுக்கும் அதே பெயர்தான்.
பேசாமல் நிற்பான்.

போன வெள்ளி, டிஸ்க்கில் இடமில்லை என்று
பழையதைத் தூக்கினேன்.
ஐஸ் கணக்கைப் புதியதில் ஓடவிட்டேன்.
முதல் வரியிலேயே விழுந்தது,
பிரிண்டுக்கு அடைப்புக்குறி வேண்டுமாம்.
போடப் போட எழும்பி ஓடியது.
வாசலில் ஒரு மான்
ரூட்டர் வந்த அட்டைப்பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றது.
எல்லாம் சரி என்று படுத்துவிட்டேன்.

விடிய நாலரைக்கு ரில்வான்.
"மிஸ், பங்குச் சீட்டில அரை வருது."
"என்ன அரை?"
"ஏழு கட்டி, ரெண்டு வள்ளம்.
வள்ளத்துக்கு மூணரை எண்டு அடிச்சிருக்கு.
எப்பவும் மூணுதானே வரும்?"
"அப்ப மிச்சம் ஒன்று?"

ஐஸ் அரைக்கிற மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"கேட்டடியில மரியசீலி அக்கா நிப்பாங்க.
கூடையில சூடை, கீரி.
அவங்க எடுப்பாங்க."
"யார் குடுக்கச் சொன்னது?"
"ஒருத்தரும் சொல்லல்ல மிஸ்.
கணக்குல இல்லாத கட்டிதானே."

ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று என்று
பழையது நம்பியது.
அது பிழை என்று கண்டு திருத்தித்தான்
புதியதைச் செய்தார்கள். பிழைதான்.

புதியதிலும் வழி இருக்கிறது, எனக்குத் தெரியும்:
ஒரு சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு போட்டால்
அரையை விழுங்கிவிட்டு மூன்று என்று சொல்லும்.
இரண்டு எழுத்து வேலைகூட இல்லை.
ஆனால் ஒரு கோடு என்றால் தற்செயல்.
இரண்டு கோடு என் கையெழுத்து.
சங்கத் தலைவர் ஒரு நாள் கேட்பார்,
ஏன் பிள்ளை இப்படி எழுதினாய் என்று.
அன்றைக்கு அந்தக் கட்டிக்கு ஒரு பெயர் வேண்டும்,
அனுமதி வேண்டும், கூட்டம் வேண்டும்.

பழையதைத் திரும்பக் கட்டினேன்.
அது தன் வயதுள்ள வேறு சிலவற்றையும் கேட்டது,
எங்கெங்கோ தேடி அவற்றையும் கொண்டுவந்தேன்.
இடத்துக்காக,
இரவில் எழுதிப் பார்க்கும் என்னுடையதை அழித்தேன்.
ஐஸ் கணக்கின் ஃபோல்டருக்குள்
ஒற்றை வரியில் ஒரு கோப்பு வைத்தேன்:
இதற்குள் வந்தால் இரண்டு புள்ளி ஏழு.
வெளியே போனால் உலகம் எப்படியும் இருக்கட்டும்.

ஐந்தேகாலுக்கு ரில்வானின் செய்தி:
"மூணு, மூணு. சரி மிஸ்."
மிச்சத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.