சேமிக்கும், திறக்காது

பழவூரில் ஆடி மாசம் காதுக்கு லீவு கிடையாது.
என் வாடகை அறைக்குப் பின்னால் ஒரு பழைய காற்றாலை,
நிமிஷத்துக்கு முப்பது சுற்று, மூன்று இறக்கை.
தொண்ணூறு.
பெருக்கிப் பார்த்த அன்றே தூக்கம் போயிற்று.
பீட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது,
அதைப் போட்டு வைக்க ஒரு பெட்டிதான் இல்லை.

பகலெல்லாம் கோபுரத்தில் ஏறி போல்ட் முறுக்கும் கை,
ராத்திரி மவுஸ் பிடித்துப் பெட்டி தேடியது.

எல்லாரும் புகழ்ந்தது
கடித்த ஆப்பிள் போட்ட மடிக்கணினியில்தான் குடியிருக்குமாம்.
விலையைப் பார்த்தேன்.
பைக்கை விற்று, என்னையும் அடகு வைத்தால்
மூடி மட்டும் வரும்.

வள்ளியூரில் செல்போன் கடை ஆமோஸ்
பென்டிரைவில் ஒன்று கொடுத்தான்,
‘பூட்டு உடைச்சது லே, சும்மா ஏத்து.’
ஏற்றினேன்.
டிரம் வரவில்லை, ரம்மி வந்தது.
எதைத் தொட்டாலும் சீட்டுக்கட்டு,
எண்ணெய் மாற்றிய கணக்கை கம்பெனிக்கு அனுப்பும்போதும்
ஓரத்தில் ஒரு ராணி கண்ணடித்தாள்.

இலவசமாகவும் ஒன்று இருந்தது.
நல்ல பிள்ளை, நாலு வரி நோட்டு மாதிரி.
கட்டத்தில் கிக்கை வைத்தால்
கட்டத்திலேயே கைகட்டி நின்றது.
எனக்கு வேண்டியதோ
ஒரு மயிரிழை பிந்தி விழும் கைதட்டு,
கடைசி பஸ் நகர்ந்த பிறகு
படியில் தொற்றுகிறவனின் கால்.
சவம், போட்டும் என்று அழித்தேன்.

அப்புறம்தான் அந்தச் சோதனைப் பதிப்பு.
தரை அதிர்ந்தது. சன்னல் கொக்கி தானாகக் கழன்றது.
கேட்டதெல்லாம் கொடுத்துவிட்டு
அடியில் பொடி எழுத்தில் சொன்னது:
சேமிக்கலாம்.
சேமித்ததைத் திறக்க, காசு கட்ட வேண்டும்.

பெனிட்டாவிடம் சொன்னேன்.
வடக்கன்குளம் மருந்துக் கடையில்
மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிறவள்,
ரசீதின் முதுகில் ராப் எழுதுகிறவள்.
‘அப்போ மூடாத. அம்புட்டுதான?’

மூடவில்லை.
பதினோரு நாள் லேப்டாப் கண் அசரவில்லை.
டேபிள் ஃபேன் அதற்கு, புழுக்கம் எனக்கு.
பேட்டரி செத்து வருஷமாயிற்று, ஒயர்தான் மூச்சு.
டூட்டிக்குப் போகுமுன்
பூட்டிய கதவில் காதை வைத்து
உள்ளே அது இரைவதைக் கேட்டுவிட்டுப் போவேன்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவன் மாதிரி.

பன்னிரண்டாம் ராத்திரி
சுற்றிலும் நூறு காற்றாலை கரண்டை விளைவிக்க
பழவூரில் கரண்ட் போயிற்று.
இறக்கைகள் நிற்கவில்லை. அது வேற ஃபீடர்.
அதில் ஒன்றுக்கு நேற்றுத்தான் கிரீஸ் அடித்தேன்.
கறுத்த திரையில் என் முகம்,
வெளியே தொண்ணூறு.

விடிந்ததும் பெனிட்டா ஒரு துண்டு அனுப்பினாள்.
என்றைக்கோ போனில் நான் போட்டுக் காட்டியதை
பதினாலு நொடி பிடித்து வைத்திருக்கிறாள்.
வாளிக்குள் விழுந்த மாதிரி கிக்,
மேலே டிவிஎஸ் ஒன்று போகிறது,
நடுவில் யாரோ ஒரு பெரியவர்:
‘காய்ச்ச மாத்திரை ரெண்டு குடும்மா’,
பிறகு ஓர் இருமல்.

அழித்த இலவசத்தை மறுபடி இறக்கினேன்.
கட்டத்தை அணைக்க மேல் மூலையில் ஒரு பொத்தான்.
முதல் தடவையும் அங்கேதான் இருந்திருக்கும்.
நான் விலையைப் பார்த்தேன், விலையில்லாததைப் பார்க்கவில்லை.

அணைத்தேன்.
பதினாலு நொடியைக் கோட்டுக்குச் சற்று வெளியே இழுத்து விட்டேன்.
கைதட்டு இன்னும் சரியாக விழவில்லை.
நாற்பது சத்தம் மாற்றியாயிற்று.
‘கைதட்டு எதுக்கு?
அந்தத் தாத்தா இருமுதாருல்லா, அதான் ஸ்னேர்’ என்கிறாள்.

போட்டுப் பார்த்தோம். சரியாகப் பிந்துகிறது.

அவரிடம் கேட்க வேண்டும்.
வியாழக்கிழமை மாத்திரைக்கு வருவாராம்.