குடும்பத்துக்கு முந்நூறு சொல்

ஊருக்கு நூறு வயது. புத்தகம் போடுவதென்று
கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முடிவானது.
குடும்பத்துக்கு முந்நூறு சொல், ஒரு படம்.
தபால் நிலையத்தில் சும்மாதானே இருக்கிறாய் என்று
தொகுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

கோல்னிக்கில் இப்போது நாற்பத்தொரு வீடு.
தானியக் கிடங்கு போனது, ரயிலும் அதன் பின்னே.
வந்து சேர்ந்த கட்டுரைகளோ அறுபத்தெட்டு:
வின்னிபெக்கிலிருந்து, கால்கரியிலிருந்து,
ஒன்று பெர்த்திலிருந்து, தபால்தலையில் ஒரு கிளியோடு.

முந்நூறுக்குள் யாரும் அடங்கவில்லை.
பெட்ரிஷின் வீட்டார் பசுக்களின் பெயரை மட்டுமே
ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்.
மருத்துவச்சி பராஸ்காவின் மகன் அனுப்பியது ஒரே வரி:
"அம்மா கையில் பிறந்தவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர்,
மிச்சத்தை அவர்கள் எழுதட்டும்."

சிக்கல் சவாரின்களால் வந்தது.

மெத்தோடியின் பிள்ளைகள் எழுதினார்கள்:
நாற்பத்தேழாம் வருடப் பனிப்புயலில்
தண்டவாளம் பத்து நாள் மூடிக் கிடந்தபோது
அப்பா இரவோடிரவாகத் தம்பி வீட்டு வேலியோரம்
அரை மூட்டை மாவு வைத்துவிட்டு வந்தார்.
சாகிற வாரம்தான் எங்களிடமே சொன்னார்.

யாகிவின் மகள் எழுதினாள்:
அப்பா மூன்று முறை அண்ணன் கதவைத் தட்டினார்.
மூன்றாம் முறை உள்ளே விளக்கை அணைத்தார்கள்.
விடிந்து பார்த்தால் வேலியோரம் அரை மூட்டை மாவு.
கடவுள் வைத்தது.
அண்ணன் பெயரை அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

இரண்டு தாளையும் மேசையில் வைத்து
மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான்காம் நாள் லோக்கன் வீட்டு உறை வந்தது.
நோர்வேக்காரர்கள், சொல்லையும் எண்ணித்தான் செலவழிப்பார்கள்:
அந்தக் குளிரில் எங்களிடம் மாவு கொஞ்சம் மிஞ்சியிருந்தது.
அம்மா இங்கெபோர்க் அரை மூட்டையைச் சறுக்குவண்டியில் இழுத்துப் போய்
ஒரு வேலியோரம் வைத்தாள்.
யார் வேலி என்பது இங்கே தேவையில்லை.

"யாராவது ஒருவருடையதை வெட்டு" என்றார் குழுவில் ஒருவர்.
"மூன்றையும் வெட்டு, பனியை மட்டும் விடு" என்றார் இன்னொருவர்.
ஒரு காற்புள்ளியைக்கூட நான் வெட்டவில்லை.
அண்ணன் பக்கமும் தம்பி பக்கமும் எதிரெதிரே,
புத்தகத்தை மூடினால் முகத்தோடு முகம் ஒட்டும்படி
கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவே அடுக்கி அனுப்பினேன்.
யார்க்டன் அச்சகத்தார் நடுவில்
விதைக் கம்பெனி விளம்பரத்தைச் செருகிவிட்டார்கள்.
இரண்டு பக்கமும் கடுகுப் பூ, மஞ்சள் மஞ்சளாக.

அக்டோபர் விருந்தில், வான்கோழி தீர்ந்த பிறகு,
வீட்டுக்கொரு பிரதி கொடுத்தோம்.
தன் குடும்பத்தை யாரும் முதலில் திறக்கவில்லை.
பக்கத்து வீட்டுப் பக்கத்தைத்தான் தேடினார்கள்,
அங்கே தங்களைப் பற்றி என்ன இருக்கிறதென்று.
மெத்தோடியின் மகன் பிரதியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
காபி குடிக்காமல் கிளம்பினான்.
யாகிவின் மகள் பூசணிப் பணியாரம் இன்னொரு துண்டு கேட்டாள்.
கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் நடக்கவில்லை.

நூலகப் பிரதியில்தான் ஊர் பேசுகிறது,
ஓரங்களில், பென்சிலால்:
முப்பத்தொன்று இல்லை, முப்பத்திரண்டு.
அந்த மாடு இடி விழுந்து சாகவில்லை.
படத்தில் இடமிருந்து மூன்றாவது நான், பெயரை விட்டுவிட்டீர்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் யாகிவின் பக்கத்தில்,
அரை மூட்டை என்ற இடத்தில் ஒரு அடிக்கோடு.
அருகே நாலே சொல்லில் தொடங்கி நடுங்கி இறங்கும் எழுத்து.
இருபத்தெட்டு வருடம் கடிதம் பிரித்து அடுக்கியவள்,
எழுத்தைப் பார்த்தால் ஆளைத் தெரியும்.
சொல்ல மாட்டேன்.

அரை இல்லை. இரண்டு அரை.
கட்டியிருந்த கயிறு வேறு வேறு.