வாங்கின விலை

தவசிமுத்து அடக்கமாகி ரெண்டு மாசம்.
சமாதானபுரத்தில் அவர் வீட்டுப் பின்னறை.
டியூப்லைட் கொஞ்சம் யோசித்துவிட்டு எரிந்தது.
பதினோரு பிஸ்கட் டின், நாலு ஆல்பம்,
ஒரு சாக்கில் கிலோக் கணக்கில் ஆத்துச் செப்பு.
"எம்புட்டு தேறும் கோமதி?"
பாக்கியத்தங்கம் அக்கா கதவில் சாய்ந்து நின்றாள்.
"மூத்தவன் மொத்தமாத் தள்ளிவிடுங்கான்."

மொத்தமா என்றால் எங்கள் தொழிலில் பாதி.
பாதியிலும் கழிவு உண்டு.
விக்டோரியா ரூபாய்க்கு அன்றைய வெள்ளி ரேட்டுதான் தரை,
அதற்குக் கீழே விழாது.
செப்புக்குத் தரை கிடையாது;
பச்சை பிடித்தால் பாத்திரக்கடைக்காரனும் முகம் சுளிப்பான்.
வாகையடி முக்கில் என் கடையில்
எட்டு வருஷமாய்த் தூங்குகிற காசுக்கு
வருஷா வருஷம் விலையை ஏற்றுவேன்,
கேட்க ஆள் இருக்கிற மாதிரி.
சரக்கு தூங்கும். போட்ட பணத்துக்கு வட்டி தூங்காது.
அழிக்க வசதியாகப் பென்சிலில்தான் எழுதுவேன்.

அவர் பேனாவில் எழுதியிருந்தார்.
அட்டையின் முகத்தில் விற்கும் விலை,
முதுகில் வாங்கின விலை, அதுவும் எழுத்தில்.
துத்௦. பொரு௦.
வியாபாரி பெண்டாட்டியிடமும் சொல்லாத சங்கேதம்.

துத்௦ போட்ட திருவிதாங்கூர் அரை ரூபாய்
நான் அவருக்கு விற்றது, அறுநூற்றைம்பதுக்கு.
பொரு௦, தூத்துக்குடி டச்சுக் காசு,
அதுவும் என் கை வழிதான், நூற்றிருபது.
ஒன்றும் இரண்டும் பொரு என்றால்…
விரல் விட்டேன்.
பொருநை ஆத்து மணல்.
ஒன்பது எழுத்து, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.
சுழிக்கு வெறும் வட்டம்.
பெரிய ஆளுவே நீரு, என்று
சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
"என்னது?" என்றாள்.
"கணக்கு," என்றேன்.

அப்புறம் டின் டின்னாக அவரை வாசித்தேன்.
அடித்துப் பேசியது, ஏமாந்தது,
குறுக்குத்துறையில் மணல் சலிக்கிறவனுக்குக்
கேட்டதற்கு மேல் கொடுத்தது,
வாங்கின விலையையே விற்கும் விலையாகப் போட்டு
அதற்கும் போகாதது.

கடைசி டின்னில் ஒரே அட்டை, பஞ்சில் வைத்து.
சதுர வெள்ளி. பின்னால் மீன்.
முதுகில் ஆண௦௦.
முகத்தில் ஒன்றும் இல்லை.
ஓரத்தில் வார்ப்பு சேர்ந்த கோடு,
மீன் வயிற்றில் ஊசிமுனைக் குமிழிகள்.
முத்திரை குத்திய காசில் குமிழி வராது.

கொற்கைப் பக்கம் உழவில் கிடைத்தது என்று
பத்தொன்பது வருஷம் முன்னால் நான்தான் கொடுத்தேன்.
அன்றைக்குத் தெரியுமா என்றால்
பாதி தெரியும்.
மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள
லென்ஸை எடுக்கவில்லை.
அவர் எடுத்திருக்கிறார்.
எடுத்த பிறகும் வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு வந்தார்,
டீ சொன்னார், டச்சுக் காசு வாங்கினார்.
இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.
வேறொருத்தன் தலையில் கட்டவும் இல்லை.

மொத்தம் போட்டேன்.
"அந்த ஒத்தைக் காசு சேந்துட்டா?"
"சேந்துட்டு அக்கா. நாலாயிரத்து எண்ணூறு."
"அது ஒண்ணுக்கேவா!" என்று
அவள் முகம் தெளிந்ததை
நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.
மற்றதற்கெல்லாம் பாதிதான் போட்டிருந்தேன்.

நேற்று ராஜபாளையத்து ஆள் ஒருத்தர்,
கையில் டார்ச்சு, சட்டைப்பையில் ரொக்கம்.
கல்லாவுக்குள் தள்ளுவதற்குள் மீனைப் பார்த்துவிட்டார்.
"ஒம்பதாயிரம் தாரேன்."
மனசு தன் பாட்டுக்கு அட்டை எழுதியது:
ல்௦௦௦.
அந்த எழுத்தில் தமிழில் எந்தச் சொல்லும் தொடங்காது.
வாயைத் திறந்தேன்.
நாக்கு பல்லடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.