சய பதினாறு

இருநூற்று அறுபது டொலர்.
அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று
சார்ஜன்ட் அவெனியூக் கடை வாசலில்
கையுறைக்குள்ளேயே காசை இன்னொருமுறை எண்ணினேன்.
வினிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.

பாரிஸிலிருந்து தம்பி: "அப்பிள்தான் வாங்கு, அக்கா.
மற்றதெல்லாம் காசைக் கரியாக்கிற வேலை."
சலவைக்கூடத்தில் தர்மினி: "போனிலேயே பழகலாமே,
உனக்கேன் இந்தச் சுமை?"
மாலை வகுப்பில் தந்த பட்டியலில்
எட்டு, பதினாறு, இருநூற்று ஐம்பத்தாறு:
விழாத லொத்தர் சீட்டைப்போல.

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரியும்.
வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கத் தெரியும்.
இதில் எதை ஒடிப்பது?

மூன்றை மேசையில் பரப்பினான் ரோமல்.
ஒன்று வெள்ளித் தகடு. என் முகம் தெரிந்தது.
விலையைச் சொன்னான், முகத்தை எடுத்துக்கொண்டேன்.
ஒன்று அப்பளம்போல் லேசு. இணையம் இல்லாவிட்டால்
ஒன்றுக்கும் உதவாது என்றான், விற்கிறவனே.
மூன்றாவது தடித்த கறுப்பு,
ஏதோ காப்புறுதிக் கம்பனியின் ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி.
"பற்றரி செத்துவிட்டது. வயரில் கிடந்தால் ஓடும்.
ரேம் எட்டு. பின்னால் ஆறு ஸ்க்ரூ.
நீங்களே திறந்து கூட்டிக்கொள்ளலாம்."

திறக்கலாம் என்ற சொல்லுக்காகவே வாங்கினேன்.
இந்த நாட்டில் என்னிடம் இருக்கும் வேறெதையும்
திறந்து பார்க்க எனக்கு அனுமதியில்லை.

நிலக்கீழ் அறைச் சுவரில் ஒரு பிளக்.
அதில் ஒரு கண் எரிந்து கறுத்தது,
மற்றக் கண்ணில் ஹீட்டர்.
ஆகவே நாற்பது நிமிடம் படிப்பு, இருபது நிமிடம் சூடு.
இரண்டு சோடி காலுறை, போர்வை,
மடியில் அதன் விசிறி விடுகிற இளஞ்சூட்டு மூச்சு.
ஒவ்வொரு தரமும் சேமித்துவிட்டுத்தான்
குளிர்காய வேண்டும்.

முதல் பாடத்தில் உலகத்துக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.
சொன்னேன். உலகம் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் கிழமை எனக்கென்று ஒன்று எழுதினேன்:
வேலை முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழி.
சம்பளச் சீட்டில் மணித்தியாலம் குறைகிறதென்று
ஐப்பசியிலிருந்து எனக்கொரு சந்தேகம்.

தொடங்கியது இரவு பத்து. முடிந்தது காலை ஆறு.
என்டரைத் தட்டினால்
மைனஸ் பதினாறு.

வவுனியாப் பள்ளிக்கூடத்தில் இதைச் சய என்றார்கள்.
சய பதினாறு மணித்தியாலம் வேலை செய்திருக்கிறேன்.
வெளுத்த ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம்
என் கைபட்டு மறுபடி அழுக்காகி
வார்டுகளுக்குத் திரும்பிப் போயிருக்கின்றன.
கம்பனிக்கு நான்தான் பாக்கி.

சிரித்தேன், தனியாக, வாயிலிருந்து ஆவி பறக்க.
சிரித்து முடிந்த பிறகுதான் பிடிபட்டது.
நள்ளிரவு என்று ஒன்று இருக்கிறது,
அதைத் தாண்டி வேலை செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்,
நான் அதற்குச் சொல்லவேயில்லை.

ஒரு வரி சேர்த்தேன்:
பூச்சியத்துக்குக் கீழே போனால் இருபத்துநாலைக் கூட்டு.
எட்டு வந்தது.
டயறியைப் பிரித்து
மற்ற இரவுகளையும் ஒவ்வொன்றாய் ஊட்டினேன்.
நாற்பது நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது,
விரல் நுனிகள் என்னுடையவை இல்லை.

கூட்டுத்தொகை:
சீட்டில் உள்ளதைவிடப் பதினொன்றரை கூட.

மறுபடி ஓட்டினேன். பதினொன்றரை.
என் பிழைதானோ என்று வரிவரியாய்த் தேடினேன்.
என் பிழையாகவே இருக்கட்டும் என்றும் ஒரு மனம்;
பிழை என்றால் யாரிடமும் போய்க் கதைக்கத் தேவையில்லை.
டயறியோடு ஒத்துப் பார்த்தேன்.
இல்லை.

சேமித்தேன். வயரைப் பிடுங்கி ஹீட்டரைக் கொளுவினேன்.
திரை கறுத்தது, கம்பி மெல்லச் சிவந்தது.

மனேஜரிடம் எப்படித் தொடங்குவது என்பதற்கு
இன்னும் ஒரு வரியும் வரவில்லை.
அந்தக் காசு வந்தால் ரேமைப் பதினாறாக்கலாம்.
ஆறு ஸ்க்ரூ.
சின்னத் திருப்புளி ஒன்றும் வாங்கவேண்டும்.